பொருந்தாத பச்சை

ஷார்ஜா சனையாவில்
நாற்பது வெள்ளை தெரிந்தவன் நான்.
முத்து வெள்ளை, பால் வெள்ளை,
ஏழு வருஷம் வெயிலில் நின்று
மோர் நிறத்துக்கு வந்துவிட்ட லேண்ட் க்ரூசர் வெள்ளை.
இடிபட்ட கதவைக் கொண்டுவந்தால்
இடிபடாத கதவோடு சேர்த்து அனுப்புவேன்.
எது புதுசு என்று
வண்டிக்காரனே தடவித் தடவித் தோற்பான்.

அந்தத் திமிரில்தான் தொடங்கினேன்.

ஒர்க்‌ஷாப் பின்சுவரை ஒட்டி ஒரு வன்னி.
காஃப் என்பார்கள் இங்கே.
ஏசி சொட்டும் தண்ணீரில் பிழைத்துக் கிடப்பது.
அதில் ஒரு பஞ்சுருட்டான்.
கிளம்பும், காற்றில் ஒரு சுழி போடும்,
பார்க்கிங் சீட்டு வாங்கி வைத்ததுபோல
அதே கிளையில் அதே இடத்தில் வந்து நிற்கும்.

மொக்லேஸ் தட்டித் தட்டிக் கைவிட்ட பானெட் ஒன்று,
ஓரத்தில் உள்ளங்கை அளவு குழியோடு.
சாம்பல் பிரைமர் அடித்துக் காயவைத்தேன்.
அடியில் மிச்சமிருந்த டப்பாக்களைத் திறந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை இலை.
வன்னி இலை எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு.
ஒவ்வொன்றாய் வைத்தேன், பூஜ்ய நம்பர் பிரஷ்ஷில்.
சாயங்காலம் பார்த்தால்
ஆயிரத்துச் சொச்சம் இலை இருந்தது.
மரம் இல்லை.

அடுத்த வெள்ளி பறவை.
மூக்கு, முதுகு, வால் நடுவில் நீண்ட இறகு,
ஒன்றும் விடவில்லை.
மொக்லேஸ் டீ கிளாஸோடு வந்து நின்றான்,
நின்றான்,
"சிடியா கிதர் ஹை?" என்றான்.

தேடினேன். எனக்கே நேரமாயிற்று.
பச்சையைப் பச்சையோடு பொருத்திவிட்டது கை.
பதினோரு வருஷமாய்
விபத்தை ஒளித்துவைக்கப் பழகியது அது.
வேறென்ன செய்யும்.

ராத்திரி மேல்கட்டிலில்
செல்போனில் ஒரு ரஷ்யக்காரி.
மற்ற ஐந்து பேரும் தூங்குவதால் சத்தமில்லாமல்.
சத்தமிருந்தாலும் புரியாது.
அவள் இலையைத் தொடவேயில்லை வெகுநேரம்.
இருட்டை வைத்தாள். இருட்டில் ஓட்டை வைத்தாள்.
அடிக்கடி கண்ணைச் சுருக்கினாள்.

நானும் சுருக்கினேன் மறுநாள், வன்னியைப் பார்த்து.
இலையெல்லாம் உதிர்ந்து
மரம் வந்தது.
இடுக்குகளில் வானம்.
ஜூலை வானத்தில் நீலம் ஏது,
துவைத்த சிமெண்ட் சாக்கின் நிறம்.
அதைத்தான் இலைக்கு நடுவே
பொட்டுப் பொட்டாய் ஒற்றினேன்.

பறவை பச்சை இல்லை.
இதைக் கண்டுபிடிக்க நாலு வெள்ளிக்கிழமை போனது.
தலையில் பழைய பித்தளை,
தொண்டையில் யாரோ ஒரு அரபியின் பேட்ரோல் நீலம்,
வயிற்றில் கீழே கிடக்கும் மணலின் மஞ்சள் ஏறியிருந்தது.
நெஞ்சின் குறுக்கே ஓர் இலைக்கொத்தின் நிழல்.
பெயின்ட் பூத்தில் இப்படி ஒரு கறை விழுந்தால்
ஃபோர்மேன் குல்சாத் மறுபடி அடிக்கச் சொல்வார்.
அந்தக் கறையை வைத்த பிறகுதான்
பறவை மரத்துக்குள் போய் உட்கார்ந்தது.

பானெட்டின் குழிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன்.
அங்கே இருட்டைத் தீட்டும் வேலை மிச்சம்.
இரும்பே உள்வாங்கி நின்றது.

கண்ணுக்குச் சிவப்பு ஒரு சொட்டு.
அதன்மேல் ஊசிமுனையால் வெளிச்சம்,
நாற்பதில் எந்த வெள்ளை என்று
பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி
அரைமணி.

மொக்லேஸ் வந்தான்.
இந்த முறை கேட்கவில்லை.
தலையை இடப்பக்கம் சாய்த்தான்,
கிளையை விலக்கிப் பார்க்கிறவன் மாதிரி.
பிறகு சிரித்தான். இந்தியில் சொன்னான்,
தேனீயைப் பிடித்துவந்து கிளையில் அடி அடியென்று அடிக்குமாம்,
கொடுக்கு போகிற வரைக்கும்.
தினமும் பார்க்கிறானாம்.
"இவனும் டென்ட்டிங்காரன்தான் பாய்.
வாயில் ஒன்றும் இல்லையே இவனுக்கு?"

இல்லைதான்.
எனக்குத் தோன்றவேயில்லை.

பள்ளி திறக்கப் போகிறது.
சனிக்கிழமை நாலு ஸ்கூல் பஸ் வருகிறது பெயின்ட்டுக்கு.
அந்த மஞ்சளில் ஒரு துளி எடுத்துக்கொள்ளலாம்.
அதுவரை
மூக்கைக் கொஞ்சம் திறந்தபடி இருக்கட்டும்.